கண்ணாடியைக் கழற்றும் இடம்

ஜூலை 14

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நானும் உன் அத்தானும் சுகமாக இருக்கிறோம். உன் சுகமும் உன் வீட்டு டீச்சரம்மா சுகமும் அறிய ஆவல். ஆவல் என்று மரியாதைக்கு எழுதுகிறேன். உண்மையில் கோபம்.

கல்லூரி திறந்தாகிவிட்டது. முதல் நாள் கடிதம் எங்கே? நீ வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அது வராத வருஷம் கிடையாது. எந்த பெஞ்ச் ஆடுகிறது, எந்த மின்விசிறி கத்துகிறது, கடைக்காரர் கதைக்கு எப்படிச் சிரித்தார்கள், எல்லாம் எழுதுவாய். நான் படிக்க, அத்தான் டிப்போவிலிருந்து வந்த கையோடு, கிரீஸைக்கூடக் கழுவாமல் நின்று கேட்பார். இந்த வருஷம் அவர் தினமும் வாசலிலேயே, "மச்சான் லெட்டர் வந்துச்சா?" என்கிறார். இல்லை என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது.

போன் பண்ணினால், "நல்லாத்தான் இருக்கேன்க்கா, வேலை இருக்கு, வைக்கிறேன்" என்கிறாய். போனை நீ பாதியில் வைத்துவிடலாம். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

விடுமுறைக்கு வந்தபோது என் அடுப்படியில் நின்று முழுப் பாடத்தையும் ஒத்திகை பார்த்தாயே, அது என்ன ஆயிற்று? எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். வரவு எது செலவு எது என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் நீ அடுப்படியில் பாடம் நடத்தியதால் தெரிந்தது. ஆகவே எனக்கும் கேட்க உரிமை உண்டு.

உடனே பதில் எழுது. வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

ஜூலை 22

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். அத்தானின் முதுகுவலி எப்படி இருக்கிறது?

முதல் நாள் நன்றாக முடிந்தது. இந்தப் பருவத்தில் முதலாண்டுக் கணக்குப்பதிவியல் வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். எனக்குப் பயிற்சித் தாள் திருத்தும் வேலையும், பின்தங்கிய மாணவர்களுக்கு மாலையில் ஒரு மணி நேரமும். நிர்வாக வசதிக்காகச் செய்வதுதான். பருவ முடிவில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது மறுபடி பார்ப்பார்கள்.

நீ இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தம்பி

ஜூலை 27

தம்பிக்கு,

நாங்கள் நலம். நலத்தைப் பற்றி இந்தக் கடிதத்தில் இதோடு போதும்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். "வேறொருவர்" என்றால் யார்? ஆணா பெண்ணா, கிழமா குமரியா? ஒன்பது வருஷம் நீ உழுத நிலத்தில் இறங்கி நிற்கிற அந்த மகராசன் யார் என்று ஒரு வரி எழுத உனக்குப் பேனாவில் மை இல்லையா?

தாள் திருத்துவதாம்! பின்தங்கிய மாணவர்களாம்! எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. அத்தான், "அவன்தான் பெரிசு பண்ணாதேன்னு எழுதியிருக்கானே, விடேன்" என்றார். "உங்க டிப்போவுல உங்க ஸ்பேனரை ஒருத்தன் எடுத்தப்ப வீடே ரெண்டாச்சே, அப்போ யாரு விட்டா?" என்றேன். மனிதர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நீ சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். பள்ளிக்கூடத்தில் உன் பென்சில் டப்பாவை எவனோ எடுத்துக்கொண்டபோது, "அவனுக்கும் தேவைதானே" என்று வந்து நின்றாய். நான் போய் வாங்கி வந்தேன்.

நீ வாயைத் திறக்க வேண்டாம். நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா

ஜூலை 28

உயர்திரு கல்லூரி முதல்வர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாயிருக்க இறைவனை வேண்டுகிறேன். நான் தங்கள் கல்லூரியில் கணக்குப்பதிவியல் நடத்தும் ஆசிரியரின் உடன்பிறந்த அக்கா. நடத்திய ஆசிரியர் என்று எழுத வேண்டும்போல் இருக்கிறது. எழுதக் கை கூசுகிறது.

ஐயா, என் தம்பியின் வகுப்பைப் பிடுங்கி யாருக்கோ கொடுத்திருக்கிறீர்கள். அந்த யாரோ எப்படிப்பட்ட கெட்டிக்காரர் என்று எனக்குத் தெரியாது. அடுத்தவர் இலையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கு வெட்கம் இருக்காது என்பது மட்டும் தெரியும். அதை அவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

என் தம்பி எப்படிப்பட்ட ஆசிரியர் என்று நான் சொல்கிறேன். முதல் நாள் பாடத்தை ஒவ்வொரு விடுமுறையிலும் என்னிடம் ஒப்பித்துவிட்டுத்தான் அங்கே வருகிறார். ஒரு கடைக்காரர் சாயங்காலம் கல்லாவைத் திறந்து பார்க்கிறார். நிறையப் பணம். வீட்டுக்குப் போய், "இன்னைக்கு நல்ல லாபம்" என்கிறார். அவர் மனைவி கேட்கிறாள்: "கடன்ல வாங்கின சரக்குக்கு யாரு பணம் கட்டறது, எங்கப்பாவா?" இந்த இடத்தில் என் தம்பி கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். மாணவர்கள் சிரித்து முடிக்கும்வரை துடைப்பார். பிறகு மாட்டிக்கொண்டு, "மாணவர்களே, அந்த அம்மாள்தான் உலகத்தின் முதல் கணக்காளர்" என்பார்.

ஒன்பது வருஷமாக இதில் ஒரு சொல் மாறியதில்லை. கண்ணாடியைக் கழற்றும் இடம்கூட மாறியதில்லை. எனக்கே மனப்பாடம். அடுப்படியில் கேட்ட எனக்கே இப்படிப் பதிந்ததென்றால் வகுப்பில் கேட்ட பிள்ளைகளுக்கு எப்படிப் பதிந்திருக்கும்! இந்த ஒழுங்கு வேறு யாரிடம் இருக்கிறது? தங்களிடமாவது இருக்கிறதா?

வகுப்பைத் திருப்பிக் கொடுங்கள். இல்லையென்றால் நான் கடவுளிடம் முறையிடுவேன். அவர் பதில் போடாமல் இருக்க மாட்டார்.

இப்படிக்கு,
ஆசிரியரின் அக்கா

ஆகஸ்ட் 9

அம்மா,

வணக்கம். ஆசிரியர்களின் உறவினருக்கு இந்த அலுவலகம் பதில் எழுதுவதில்லை. தங்கள் கடிதத்தின் தொனியை முன்னிட்டு இம்முறை விதிவிலக்கு.

தங்கள் சகோதரர் பல ஆண்டுகளாக ஒரே பாடத்தை, ஒரே உதாரணங்களுடன், ஒரே நகைச்சுவையுடன் நடத்துவதாகச் சென்ற ஆண்டு மாணவர்கள் கையெழுத்திட்டுப் புகார் அளித்தனர். மேல் வகுப்பினர் புதியவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பதால், தாங்கள் குறிப்பிட்ட அதே இடத்தில் கடைசி வரிசை மாணவர்கள் அனைவரும் அவருடன் சேர்ந்து கண்ணாடியைக் கழற்றுவது வழக்கமாகியுள்ளது. கண்ணாடி இல்லாதவர்கள் இரவல் வாங்கி வருகின்றனர்.

இதில் ஒரு பகுதி மிகைப்படுத்தல் என்றே இதுவரை கருதியிருந்தோம். ஒன்பது ஆண்டுகளாக ஒரு சொல்லும் மாறவில்லை என்று தாங்களே உறுதி செய்துவிட்டீர்கள். தங்கள் கடிதம் அவருடைய பணிக் கோப்பில் சேர்க்கப்பட்டுள்ளது. ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது அது பரிசீலிக்கப்படும்.

தாங்கள் குற்றம்சாட்டியுள்ள ஆசிரியையிடமும் எழுத்துமூல விளக்கம் கேட்கப்பட்டுள்ளது.

முதல்வர்

ஆகஸ்ட் 13

அண்ணிக்கு,

வணக்கம். அண்ணனும் நீங்களும் நலமா? நாங்கள் நலமில்லை.

அடுத்தவர் இலையில் உட்கார்ந்து சாப்பிடுகிற வெட்கங்கெட்டவள் நான்தான். நீங்கள் சொன்னதாகவே சொன்னார்கள். முதல்வர் அறையில் நிற்க வைத்து உங்கள் கடிதத்தைப் படிக்கச் சொன்னார்கள். கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எங்கள் கல்யாணத்துக்கு நீங்கள் எழுதிய வாழ்த்தும் இதே கையெழுத்துதான்.

அந்த வகுப்பை நான் கேட்கவில்லை. புகாரைப் பார்த்ததும் அவரையே வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக இருந்தார்கள். "வகுப்பை நான் எடுக்கறேன், அவருக்கு வேற வேலை கொடுங்க" என்று மன்றாடினேன். சரி என்றார்கள். அவரிடம் சொல்வது துறைத்தலைவர் பொறுப்பு. அந்த மனிதர் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நானும் சொல்லவில்லை.

முதல் நாள் நான் வகுப்புக்குள் நுழைந்து வருகைப் பதிவேட்டைத் திறக்கிறேன். வாசலில் அவர். கையில் சாக்பீஸ் டப்பா, காலையில் நான் இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டை. என்னைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. நேரே நடந்து கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த பையன் நகர்ந்து இடம் கொடுத்தான். அந்த மணி முழுக்க அங்கேயே உட்கார்ந்து நான் சொல்லச் சொல்லக் குறிப்பு எடுத்தார், அண்ணி. என் புருஷன், என் வகுப்பில்.

எனக்கும் அந்தக் கடைக்காரர் கதை மனப்பாடம்தான். அதிலிருந்து ஆரம்பித்திருந்தால் அவர் மனது ஆறியிருக்கும். ஆனால் பின்னாலிருந்து அத்தனை கண்ணாடியும் கழன்றிருக்கும், அவர் பக்கத்திலேயே. அதனால் வேறு எதையோ சொல்லி ஆரம்பித்தேன். அவர் கண் முன்னாலேயே அவர் பாடத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டேன் என்று நினைக்கிறார். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. தட்டு வைத்தால் சாப்பிடுகிறார். கேட்டால் தலையை ஆட்டுகிறார். ஒரே பேருந்தில் போகிறோம், அவர் முன் சீட்டில், நான் பின் சீட்டில்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று சொன்னால் கண்ணாடி விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். பிள்ளைகள் தன் கதைக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். அந்த ஒன்றையாவது நான் பிடுங்காமல் இருக்கிறேன்.

முதல்வர் உங்களுக்கு எழுதியதைக் காட்டினார். உங்களுக்கும் தெரிந்துவிட்டது. அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒரு கடிதத்தில் எங்கள் இரண்டு பேர் வேலைக்கும் வேட்டு வைத்தீர்கள். இன்னொரு கடிதத்தில் குடும்பத்துக்கும் வைத்துவிட வேண்டாம்.

நீங்கள் கூப்பிடுகிறபடியே,
டீச்சரம்மா

ஆகஸ்ட் 20

டீச்சரம்மாவுக்கு,

சுகமா என்று கேட்க எனக்கு இப்போது முகமில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்று நான் சாமி கும்பிடவில்லை. கும்பிட உட்கார்ந்தேன், வாயில் திட்டுதான் வந்தது, எழுந்துவிட்டேன். முதலில் அந்தப் பிள்ளைகளைத் திட்டினேன். கண்ணாடியை இரவல் வாங்கியா வருகிறீர்கள், படிக்க வந்தவர்களா கூத்தாட வந்தவர்களா? அடுத்து முதல்வர். அடுத்து துறைத்தலைவர், வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தார்? அடுத்து நீ. இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்து கதை கேட்டாயே, "இந்த வருஷம் வேற சொல்லுங்க" என்று ஒரு தடவை சொல்ல உனக்கு நாக்கில்லையா? பெண்டாட்டி என்று எதற்கு இருக்கிறாய்?

இப்படித் திட்டிக்கொண்டே வந்து கடைசியில் ஒரு ஆள் பாக்கி நின்றது. விடுமுறைக்கு விடுமுறை அடுப்படியில் நின்று, "அருமைடா ராசா, அப்படியே சொல்லு, ஒண்ணும் மாத்தாதே" என்று சொன்ன ஆள். அவளை என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியாமல் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன். தேய்த்த வேகத்தில் அத்தான் எட்டிப் பார்த்து, "அடி விழுறது யாருக்கு?" என்றார்.

உன்னை இலையில் உட்கார்ந்தவள் என்று எழுதியது தப்பு. யார் என்று தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். வேறு மாதிரித் திட்டியிருப்பேன். நான் வாய் நிறையப் புகழ்ந்த புகழ்ச்சியே அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

கண்ணாடி விஷயத்தை நானாகச் சொல்ல மாட்டேன். அவனே நேராகக் கேட்டால் பொய் சொல்ல என்னால் முடியாது. அது உனக்கும் தெரியும்.

அண்ணி

ஆகஸ்ட் 23

அக்காவுக்கு,

நலம்.

ஆசிரியர் அறையில் சாக்பீஸ் தீர்ந்துபோனால் இப்போது என்ன சொல்கிறார்கள் தெரியுமா? "சார், அக்காவுக்கு ஒரு லெட்டர் போட்டுடுங்க, வந்துடும்." நேற்றுக் குழாயில் தண்ணீர் வரவில்லை. நூலகர் என்னைப் பார்த்து, "உங்க அக்கா விலாசம் கொடுங்க சார்" என்றார். அலுவலகத்தில் தேநீர் கொடுக்கிற பெரியவர்கூட, "அக்கா நல்லா இருக்காங்களா?" என்று சிரித்துக்கொண்டே விசாரிக்கிறார்.

எனக்கு முப்பத்தெட்டு வயது. பென்சில் டப்பா தொலைத்தவன் இல்லை. யாரைக் கேட்டு எழுதினாய்? பெரிசு பண்ணாதே என்று எழுதினேனா இல்லையா? நான் சொன்னதைப் படிக்கக்கூடத் தெரியாதா உனக்கு? என் கோப்பில் இப்போது உன் கடிதம் இருக்கிறது. டிசம்பரில் என்னை வெளியே அனுப்பினால் அதற்குக் காரணம் எழுத அவர்கள் கஷ்டப்பட வேண்டியதில்லை. நீயே எழுதிக் கொடுத்துவிட்டாய்.

இந்த வீட்டில் இருப்பவள் என் முன்னாலேயே என் பாடத்தை ஒதுக்கினாள். அந்த வீட்டில் இருப்பவள் என் பாடத்தை ஊருக்கே ஏலம் போட்டாள். இரண்டு பேரும் என்மேல் வைத்திருக்கிற பாசம் போதும்.

இனி எழுத வேண்டாம். போனும் வேண்டாம்.

செப்டம்பர் 6

தம்பிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். கையெழுத்துக்கூடப் போடாமல் கடிதம் அனுப்புகிறவன் பேச்சை நான் ஏன் கேட்க வேண்டும்? நலம்தானே? கோபமாக எழுதியிருந்ததைப் பார்த்தால் உடம்பில் தெம்பு இருக்கிறது என்று தெரிகிறது. கடவுளுக்கு நன்றி.

உன்னைக் கேட்காமல் எழுதினது தப்பு. இதற்குமேல் அதைப் பற்றி என்னிடமிருந்து எதுவும் வராது. இனி என் முறை, கேள்.

உன் கடைக்காரர் கதை எனக்குச் சலித்துவிட்டது.

ஆமாம், நான்தான் சொல்கிறேன். போன வருஷமே சலித்துவிட்டது. நீ ஒப்பிக்கும்போது நான் பாதி நேரம் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தேன், அவ்வளவுதான். எனக்கே என்மேல் ஆத்திரமாக வருகிறது. அப்போதே சொல்லியிருந்தால் இத்தனை தூரம் வந்திருக்காது.

உன் கடைக்காரர் சாயங்காலம் கல்லாவைத் திறந்து நிறையப் பணம் பார்க்கிறாரே, எந்த ஊரில்? எங்கள் தெருமுனைக் கடையில் போய் நின்று பார். வருகிறவன் எல்லாம் போனை நீட்டுகிறான், அது ஒரு சத்தம் போடுகிறது, போய்விடுகிறான். கடைக்காரர் கல்லாவில் இப்போது ரப்பர் பேண்டும் தலைவலி மாத்திரையும்தான் இருக்கின்றன. ஆனாலும் வியாபாரம் நடக்கிறது, கடனும் நடக்கிறது. நான் வீட்டுக் கணக்கு எழுதுகிறவள். நானே எழுதும் முறையை இரண்டு தடவை மாற்றிவிட்டேன். கணக்குச் சொல்லிக்கொடுக்கிற நீ மாற்றவில்லை. வருஷம் முடிந்தால் கணக்கை முடித்துப் புதிதாக ஆரம்பிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? நீதானே?

அப்புறம் அந்தக் கடைக்காரர் மனைவி. ஒன்பது வருஷமாக அவளுக்கு ஒரே ஒரு கேள்வி! நிஜமான பெண்டாட்டிக்கு ஒரு நாளைக்கு நூறு கேள்வி இருக்கும். உன் வீட்டில் ஒருத்தி நூறையும் வாய்க்குள் அடக்கிக்கொண்டு பேருந்தின் பின் சீட்டில் உட்கார்ந்து வருகிறாளாம். அவள் உன் பாடத்தைக் குப்பையில் போடவில்லை. ஏன் விட்டாள் என்று அவளிடம் கேள். என்னிடம் கேட்காதே. கேட்டால் நான் சொல்லிவிடுவேன், அப்புறம் நீதான் வருத்தப்படுவாய்.

புதிதாக ஒன்று கண்டுபிடித்துக்கொண்டு வா. வரும்வரை என் அடுப்படியில் உனக்கு மேடை கிடையாது.

அக்கா

அக்டோபர் 30

அண்ணிக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். நிஜமாகவே.

அவருக்கு என்ன எழுதினீர்கள்? எனக்குக் காட்டவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டே அலைகிறார். நேற்று மாவு வாங்கக் கடைக்குப் போனவர் ரொம்ப நேரம் ஆளைக் காணோம். போய்ப் பார்த்தால் கடைக்கு எதிர்ப்பக்கம் நின்று வருகிறவன் போகிறவனையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார். என்னைக் கண்டதும், "இங்க எல்லாரும் போன்லதான் காசு கொடுக்கறாங்களா?" என்றார்.

ஜூலைக்குப் பிறகு அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "ஆமா, நீங்க எந்த உலகத்துல இருந்தீங்க?" என்று அங்கேயே, தெருவிலேயே கத்திவிட்டேன். கடைக்காரர் பயந்துபோய் மாவுக்குப் பதில் ரவையைக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

டீச்சரம்மா

டிசம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நானும் இவளும் நலம். அத்தானுக்கு முதுகுப் பட்டை வாங்கி அனுப்பியிருக்கிறேன், கட்டிக்கொள்ளச் சொல். இது முதல் நாள் கடிதம். ஒரு பருவம் தாமதமாக வருகிறது.

முதலில் ஒன்று. நீ கேட்காதே என்றாய், நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை, இவள் ஏன் என் கதையை விட்டாள் என்று புரிந்துவிட்டது. கண்ணாடி விஷயம் எனக்குத் தெரியும். இப்போதல்ல, நாலு வருஷமாகவே.

கழற்றிவிட்டால் எனக்கு எதுவும் தெரியாது, எல்லாம் கலங்கலாக இருக்கும். ஒரு வருஷம் துடைக்கிற துணி கீழே விழுந்துவிட்டது. குனிந்து எடுக்கக் கண்ணாடியை மாட்டினேன். நிமிர்ந்தால் கடைசி இரண்டு வரிசையும் வெறும் கண்ணோடு உட்கார்ந்திருக்கிறது. கையில் ஆளுக்கொரு கண்ணாடி. அன்றே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவர்கள் ஜெயித்தார்கள் என்று ஆகிவிடும். வீம்பு. சிரிக்கிறீர்களா, சிரியுங்கள், அடுத்த வருஷமும் கழற்றுகிறேன் பார் என்று ஒவ்வொரு வருஷமும் பல்லைக் கடித்துக்கொண்டு கழற்றினேன். இன்னொன்றும் உண்டு. வருஷம் முழுக்க அந்த ஒரு நொடிதான் வகுப்பு மொத்தமும் என்னைப் பார்த்தது.

இதை இவளிடம் போன வாரம் சொன்னேன். கையிலிருந்த டம்ளரை ணங்கென்று வைத்தாள். "தெரிஞ்சேதான் பண்ணினீங்களா? ஆறு மாசமா நான் வாயைக் கட்டிக்கிட்டுச் செத்துட்டு இருந்தேன், உங்களுக்குத் தெரிஞ்சே இருந்துச்சா?" இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இந்த முறை அவள் முன் சீட்டில், நான் பின் சீட்டில்.

இனி முதல் நாள். மாலை நேரப் பிரிவு, முதலாண்டு. ஒரே ஒரு வகுப்பு எடுக்கட்டும், பார்த்துவிட்டு ஒப்பந்தத்தை முடிவு செய்யலாம் என்றார் முதல்வர். வந்தார். வேறு இடமா இல்லை? கடைசி வரிசை, போன பருவத்தில் நான் உட்கார்ந்த அதே மூலை. அந்த பெஞ்ச் ஆடுகிறது. ஆடட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாக்பீஸை எடுத்தேன். கடைக்காரர் நாக்கு நுனிக்கு வந்து நின்றார். தள்ளிவிட்டேன்.

"எனக்கு ஒரு அக்கா இருக்காங்க" என்றேன். "என் வேலையைக் காப்பாத்தறேன்னு கிளம்பி ஒரு காலேஜ் முதல்வருக்கு லெட்டர் எழுதினாங்க. என் தம்பி ஒன்பது வருஷமா ஒரு சொல்லைக்கூட மாத்தினதில்லைன்னு பெருமையா எழுதினாங்க. அக்கா அதைத் தம்பியோட வரவுல எழுதினாங்க. முதல்வர் அதே வரியைத் தம்பியோட செலவுல எழுதிக்கிட்டார். லெட்டர் ஒண்ணுதான், பதிவு ரெண்டு. ஒரு பக்கம் கொடுத்தா இன்னொரு பக்கம் வாங்கியே ஆகணும். இதுக்குப் பேருதான் இரட்டைப் பதிவு முறை. நடுவுல மாட்டின தம்பிக்கு என்ன பேருன்னு எந்தப் புத்தகத்துலயும் இல்லை."

சிரித்தார்கள் அக்கா. நான் எதிர்பார்க்காத இடத்தில் சிரித்தார்கள். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பழக்கத்தில் கண்ணாடிக்குப் போனது, பாதியில் இறக்கிவிட்டேன். ஒரு பெண் எழுந்து, "சார், அப்புறம் அக்கா என்ன பண்ணினாங்க?" என்று கேட்டாள். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

முதல்வர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒப்பந்தத்தை இன்னும் ஒரு பருவத்துக்கு நீட்டித்திருக்கிறார்கள். அவ்வளவுதான் இப்போதைக்கு. இவளிடம் விளக்கம் கேட்டிருந்த விவகாரத்தையும் முடித்துவைத்துவிட்டார்கள். உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. கொஞ்சம் குறைந்திருக்கிறது.

உன் தம்பி

டிசம்பர் 19

தம்பிக்கு,

சுகம். சுகம்தானே?

ஊரான் வீட்டுப் பிள்ளைகள் முன்னால் உன் சொந்த அக்காவை நிறுத்திச் சிரிக்க வைத்திருக்கிறாய். அதுவும் அந்த முதல்வரை வைத்துக்கொண்டு! உனக்கு வெட்கம் இல்லையா? அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். முதுகுப் பட்டை அறுந்துபோகிற மாதிரி சிரிக்கிறார், "மறுபடி படி, மறுபடி படி" என்கிறார். அவரோடும் எனக்குப் பேச்சில்லை. நாலு வருஷமாகத் தெரிந்தே என் முன்னால் கண்ணாடியைக் கழற்றினாயே, அதற்குத் தனியாக நேரில் வாங்கிக்கொள். டீச்சரம்மாவிடம் சொல், இரண்டு நாள் போதாது, ஒரு வாரமாவது உன்னோடு பேசாமல் இருந்திருக்க வேண்டும்.

இந்த வருஷத்துக்கு மன்னித்தேன். ஆனால் ஒன்று. அடுத்த வருஷமும் இதே அக்கா கதையைச் சொன்னாய் என்று தெரிந்தால், பேருந்து ஏறி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து முதல் ஆளாக நானே கண்ணாடியைக் கழற்றுவேன். எனக்குக் கண்ணாடி இல்லை. அத்தானுடையதை இரவல் வாங்கி வருவேன்.

உன் அக்கா